பிளாடர் (மூத்திரப்பை) தைக்க எந்த நூல்? நாய்க்கும் கிடாய்க்கும் ஒரே பாக்கெட் ஆகுமா?

தாராபுரம்_வெட்:

வணக்கமுங்க. கிளினிக்குக்குத் தையல் நூல் ஆர்டர் போடணும். பிளாடர் கேஸ் ரெண்டு வகையா வருது. ஒண்ணு சின்ன நாய்க: பக், ஷிட்ஸூ, பொமரேனியன். எல்லாம் கல் எடுக்கற சிஸ்டாட்டமி. இன்னொண்ணு கோயில் நோம்பிக்குன்னு கட்டுத்தறியிலேயே தவிடும் புண்ணாக்கும் போட்டு வளர்க்கற காயடிச்ச கிடா. மூத்திரம் அடைச்சு மூணாம் நாள், நாலாம் நாள்தான் கொண்டு வராங்க. சிலதுல பிளாடர் கிழிஞ்சே போயிருக்கும்.

இப்ப ஸ்டாக்குல இருக்கறது குரோமிக் கேட்கட் (மிருகக் குடல்ல செய்யற நூல்) 2-0, பின்னல் நூலான பிஜிஏ (பாலிகிளைகாலிக் ஆசிட்) 2-0, 3-0. பிடிஎஸ், மோனோக்ரில் ரெண்டுக்கும் விலை கேட்டிருக்கேன். கேட்கட்டைப் பாத்தா பல மடங்கு வருது. அந்தக் காசுக்கு ஏத்த பலன் பிளாடர்ல நிஜமாவே இருக்குதுங்களா? ஆட்டு மூத்திரம் ஆல்கலைன் (காரம்), அதுல எந்த நூல் தாங்கும்? ஒத்தை வரிசை போதுமா, உள்ளே மடிச்சு ரெண்டாவது வரிசையும் போடணுமா?

அவசரமா ஒரு கேஸும் இருக்குது. 9 கிலோ பெண் பக், மூத்திர பி.ஹெச் 8.5, பாத்திரத்துல பிடிச்சாலே அமோனியா நெடி. எக்ஸ்ரேயில ரெண்டு கல் நல்லாத் தெரியுது. அடுத்த வாரம் திறக்கலாம்னு இருக்கேன்.

கோவை_சர்ஜரி:

டாக்டர், விலைப்பட்டியலை எடுத்து வெக்கறதுக்கு முன்னால பிளாடரோட கணக்கைப் பாத்துருங்க. உடம்புல ரொம்ப வேகமா ஆறுற உறுப்புல அதுவும் ஒண்ணு. நல்ல சுவரா இருந்தா 14 முதல் 21 நாளுக்குள்ள பழைய பலம் கிட்டத்தட்ட முழுசாத் திரும்பிரும். அப்ப நூல் மூணு வாரம் பிடிச்சிருந்தாப் போதும், அதுக்கப்புறம் எவ்வளவு சீக்கிரம் கரையுதோ அவ்வளவு நல்லது. மூத்திரத்துக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்கற நூல் அடுத்த கல்லுக்குக் கருவா ஆயிரும். பட்டு, நைலான் மாதிரி கரையாத நூலை பிளாடர்ல தொடவே கூடாதுங்கறது இதுக்காகத்தான்.

இதை வெச்சு ஒவ்வொரு நூலையும் பாருங்க.

பாலிகிளாக்டின் 910, அதாவது விக்ரில்: ரெண்டு வாரத்துல முக்கால் பலம், மூணு வாரத்துல பாதி, நாலு வாரத்துல கால்பங்கு. 56 முதல் 70 நாளுக்குள்ள முழுசாக் கரையும். கணக்குக்கு அழகாப் பொருந்துது. ஆனா பின்னல் நூல். திசுவுக்குள்ள போறப்ப அரம் மாதிரி இழுக்கும், கிருமி இருந்தா இழைகளுக்கு நடுவுல தங்கிக்கும். உங்ககிட்ட இருக்கற பிஜிஏவும் இதே குணம்தான், கொஞ்சம் சீக்கிரமாவே பலம் இறங்கும்.

பாலிடையாக்சனோன், அதாவது பிடிஎஸ்: ரெண்டு வாரத்துல 70 சதவீதத்துக்கு மேல, நாலு வாரத்துல பாதி, ஆறு வாரத்துலகூட கால்பங்கு நிக்கும். கரைஞ்சு முடிய ஆறு மாசத்துக்கு மேல ஆகும். ஒத்தை இழை, அதனால வழுக்கிக்கிட்டுப் போகும். கிருமி ஒளியறதுக்கு இடமில்லை. பிளாடர் கேக்கறதைவிட ரொம்ப நாள் தங்குதுங்கறது ஒண்ணுதான் குறை.

மோனோக்ரில், பேர் பாலிகிளெகாப்ரோன் 25: கைக்கு மெதுவா, முடிச்சு நல்லா உக்காரும். ஆனா பலம் சீக்கிரம் போயிரும். வயலட் சாயம் போட்டது ஒரு வாரத்துல 60 முதல் 70 சதவீதம், ரெண்டு வாரத்துல 30 முதல் 40. சாயம் போடாதது இன்னும் பத்து சதவீதம் குறைவு. வாங்கறதா இருந்தா வயலட் வாங்குங்க, ரத்தத்துக்கு நடுவுல கண்ணுக்கும் தெரியும். சுவர் நல்லா இருந்து, மூத்திரம் கிருமியில்லாம இருக்கற நாய்க்கு இது போதுமானது. நோயாளி மெலிஞ்சிருந்தாலோ, புரோட்டீன் குறைவா இருந்தாலோ, தொற்று இருந்தாலோ நான் இதை எடுக்க மாட்டேன்.

கேட்கட்டை பிளாடருக்கு நிறுத்திருங்க. மத்ததெல்லாம் தண்ணியால கரையுது, எவ்வளவு நாள்னு ஓரளவு சொல்லிரலாம். கேட்கட்டை உடம்போட என்சைமும் செல்லும் தின்னு கரைக்குது. வீக்கம் இருக்கற திசுவுல அந்த வேலை வேகமா நடக்கும். அடைப்பு வந்த பிளாடர்னாலே வீங்கின பிளாடர்தானுங்களே. எங்க அதிக நாள் நிக்கணுமோ அங்கதான் அது சீக்கிரம் விட்டுரும்.

அளவு (3-0, 4-0ன்னு முதல் எண் கூடக்கூட நூல் மெலிசு): பூனைக்கும் 10 கிலோவுக்கு உள்ள இருக்கற நாய்க்கும் 4-0, பெரிய நாய்க்கு 3-0. நாய் பிளாடருக்கு 2-0 அனாவசியம். தடிப்பு கூடக்கூட உடம்புக்குள்ள விட்டுட்டு வர்ற அந்நியப் பொருள்தான் கூடுது.

நாமக்கல்_பிஜி:

கோவை சார் சொன்ன நாள் கணக்கெல்லாம் சாதாரண திசுவுக்குள்ள இருக்கற நூலுக்குங்க. மூத்திரத்துல நனைஞ்சா கணக்கு மாறிப்போகும். தாராபுரம் டாக்டரோட பக் கேஸ்ல அதுதான் முக்கியம்.

பி.ஹெச் 8.5, அமோனியா நெடி ரெண்டும் சேந்து வந்தா யூரியேஸ் உண்டாக்கற கிருமி இருக்குதுன்னு எடுத்துக்கலாம். நாயில பெரும்பாலும் ஸ்டஃபைலோகாக்கஸ், அடுத்தது புரோட்டியஸ். இதுக யூரியாவை உடைச்சு அமோனியா ஆக்கும், பி.ஹெச் ஏறும், ஸ்ட்ரூவைட்ங்கற கல் உப்பு படியும். பிஜிஏ, விக்ரில் மாதிரி நூல் ஆல்கலைன்ல இன்னும் வேகமா இத்துப்போகும். பிடிஎஸ் அதைவிட நல்லாத் தாங்கும். கிருமியில்லாத மூத்திரம், ஈ.கோலை இருக்கற மூத்திரம், இந்த ரெண்டுலயும் பிடிஎஸ்ஸை நம்பலாம். ஆனா புரோட்டியஸ் வளர்ற மூத்திரத்துல ஊற வெச்ச சோதனைகள்ல பிடிஎஸ், மோனோக்ரில் ரெண்டுமே ஒரு வாரத்துக்குள்ள சிதைஞ்சு போயிருக்குது. பிஜிஏ அதைவிட மோசம். விலை அதிகமான நூல் வாங்கி புரோட்டியஸை ஜெயிக்க முடியாதுங்க.

அதனால ரெண்டு விஷயம் பண்ணணும். முதல்ல, ஊசி குத்தி நேரா பிளாடர்ல இருந்து மூத்திரம் எடுத்து கல்ச்சருக்கு (கிருமி வளர்த்துப் பாக்கற சோதனைக்கு) அனுப்பிச்சு, அதுக்கு ஏத்த ஆன்டிபயாட்டிக்கை ஆபரேஷனுக்கு முன்னாலேயே ஆரம்பிச்சுருங்க. ரெண்டாவது, நூல் லூமனுக்குள்ள (பிளாடரோட உட்குழிக்குள்ள) தலை நீட்டக் கூடாது. நூலைத் தாங்கிப் பிடிக்கற படலம் சப்மியூகோசா, உள்தோலான மியூகோசாவுக்கு அடுத்தது. ஊசி அதைக் கவ்வி, மியூகோசாவுக்கு வெளியிலேயே திரும்பிரணும். சப்மியூகோசாவை விட்டுட்டு தசையை மட்டும் பிடிச்சா தையல் அறுத்துக்கிட்டு வந்துரும். மியூகோசாவையும் சேத்துத் துளைச்சா நூல் மூத்திரத்துல நிக்கும்.

இன்னொண்ணையும் யோசிச்சுக்குங்க டாக்டர். பெண் நாய், ஆல்கலைன், தொற்று, எக்ஸ்ரேயில தெளிவாத் தெரியற கல். இது ஸ்ட்ரூவைட்டா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அடைப்பு இல்லைன்னா, கல்ச்சர் பாத்து ஆன்டிபயாட்டிக்கும், கல் கரைக்கற உணவும் சில வாரம் குடுத்து மாசம் ஒரு எக்ஸ்ரே எடுத்தா, திறக்காமலேயே கரைஞ்சிரலாம். கல் முழுசாக் கரையற வரைக்கும் ஆன்டிபயாட்டிக்கை நிறுத்தக் கூடாது. கரையக் கரைய உள்ள மாட்டியிருந்த கிருமி வெளியே வரும். எக்ஸ்ரேயில சின்னதாகலைன்னாத்தான் கத்தி.

தாராபுரம்_வெட்:

ரொம்ப நன்றிங்க. பக் ஓனர்கிட்டக் கரைக்கற வழியையும் பேசிப் பாக்கறேன். கல்ச்சர் இன்னிக்கே எடுத்தர்றேன்.

தைக்கற முறையைப் பத்தி யாராவது சொல்லுங்க. பிடிஎஸ் எழும்பி எழும்பி நிக்குது, முடிச்சு அவுந்துருமோன்னு பயமாவே இருக்குது. இன்னொண்ணு, ஒரு பிளாடருக்கு ஒரு பாக்கெட்ல பாதிதான் ஆகுது. மீதியை ஸ்பிரிட்டுல போட்டு வெக்கலாமுங்களா?

ஈரோடு_பெட்கிளினிக்:

மீதி நூலை வெக்கவே வெக்காதீங்க. ஃபாயிலைக் கிழிச்ச நிமிஷத்துல இருந்து காத்துல இருக்கற ஈரம் நூலைக் கரைக்க ஆரம்பிச்சுரும். உள்ள போட்டு மூடியிருக்கறது அதுக்காகத்தான். ஸ்பிரிட் பாட்டில்ல வெச்ச பிஜிஏ பாக்கறதுக்குப் புதுசாட்டவே இருக்கும், பலம் எவ்வளவு மிச்சம்னு யாருக்கும் தெரியாது. ஆட்டோகிளேவும் பண்ணக் கூடாது. மீதி இருக்கறதை அதே நோயாளிக்கு வயிறு மூடறப்போ தோலடிப் படலத்துக்குப் போட்டு முடிச்சிருங்க. லீனியா ஆல்பாவுக்கு (வயித்து நடுக்கோட்டுத் தசைநாருக்கு) மட்டும் தடிமன் பத்தாது, தனி பாக்கெட் எடுங்க.

ஸ்டாக் வெக்கற இடத்தையும் பாருங்க. பாக்கெட்டுல 25 டிகிரிக்குக் கீழன்னு போட்டிருக்கும். சித்திரை வெயில்ல தகர ஷீட் போட்ட ரூம் அலமாரியில வெச்சா, அந்த நூலோட நாள் கணக்கை நம்ப முடியாது. ஏசி ஓடற ஆபரேஷன் ரூம்லயே ஒரு டப்பா வெச்சுருங்க. ஆறு மாசத்துக்கு மொத்தமா வாங்கறதைவிட ரெண்டு மாசத்துக்கு வாங்கறது மேல்.

இனி தையல். ஊசி உருண்டை முனைதான், டேப்பர்னு கேட்டு வாங்குங்க. கட்டிங் ஊசி போட்டா ஒவ்வொரு குத்தும் ஒரு வெட்டு, நூல் ஓட்டையை அடைக்காது, ஊசி வழியிலேயே ஒழுகும்.

பிளாடரை வெளியே எடுத்ததும் சுத்தியும் ஈரத் துணி வெச்சு ஒதுக்குங்க. உச்சியில ஒண்ணு, கீறப்போற இடத்தோட பின்பக்கம் ஒண்ணுன்னு ரெண்டு ஸ்டே சூச்சர். அப்புறம் பிளாடரைத் தொடறதெல்லாம் அந்த நூலைப் பிடிச்சுத்தான். ஃபோர்செப்ஸால கவ்வக் கவ்வ சுவர் நிமிஷத்துல பஞ்சாட்ட ஊதிரும், அப்புறம் எது சப்மியூகோசான்னே தெரியாது. வயித்துப்பக்க நடுவுல, ரத்தக்குழாய் கம்மியான இடமாப் பாத்து, ட்ரைகோனை (மூத்திரக்குழாய்க திறக்கற அடிப்பகுதியை) விட்டுத் தள்ளிக் கீறுங்க.

ஓரத்துல இருந்து 3 மி.மீ. தள்ளிக் குத்தி, 3 மி.மீ. இடைவெளி விட்டு, சிம்பிள் கன்டினியூவஸ் (அறுக்காம ஒரே நூல்ல ஓடற தையல்). கீறலோட ரெண்டு முனையையும் தாண்டி ஒரு குத்து வெளியிலேயே ஆரம்பிச்சு, ஒரு குத்து வெளியிலேயே முடிக்கணும். ஒழுகறது பெரும்பாலும் அந்த ரெண்டு மூலையிலதான். ஓரம் ஒண்ணோட ஒண்ணு தொட்டாப் போதும். வெளுக்கற அளவுக்கு இறுக்கினா அந்த இடம் செத்து, நாலாம் நாள் ஒழுகும்.

முடிச்சுக்கு: பிடிஎஸ்ல தனித்தனித் தையலுக்கு 4 சுத்து, கன்டினியூவஸ் ஆரம்பத்துல 5, முடிவுல 7. முடிவுல ஒரு பக்கம் வளையத்தை வெச்சுக் கட்டறோம், அதனாலதான் அதிகம் வேணும். விக்ரில்னா 3, 3, 6. ஒவ்வொரு சுத்தும் தட்டையா உக்காரணும், கை மாத்தி மாத்திப் போடணும். ஒரே பக்கமாப் போட்டா அது வழுக்கற முடிச்சு, எத்தனை சுத்து போட்டும் பலன் இல்லை. பாக்கெட்டுல இருந்து எடுத்ததும் நூலை ரெண்டு கையாலயும் பிடிச்சு மெதுவா ஒரு தடவை நீவிவிட்டா அந்த எழும்பல் பாதி அடங்கிரும். நீடில் ஹோல்டரால நூலோட நடுவுல மட்டும் கவ்வாதீங்க. ஒத்தை இழையில பல்லு பட்ட இடம்தான் அப்புறம் அறும். கன்டினியூவஸ்ல ஒரு இடம் அறுந்தா வரிசையே போச்சு.

முடிச்சதும் கதீட்டர் வழியா சலைன் ஏத்திப் பாருங்க. யூரித்ராவை (மூத்திரம் வெளியே போற வழியை) விரலால அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, பிளாடர் மிதமா விறைக்கற வரைக்கும். 9 கிலோ நாய்க்கு 40, 50 எம்.எல். போதும். எங்காவது சொட்டினா அந்த இடத்துல மட்டும் ஒரு தனித்தையல். முழு வரிசையையும் பிரிக்க வேண்டாம். கடைசியா ஓமென்ட்டத்தை (குடல் மேல இருக்கற கொழுப்புப் படலத்தை) மேல போர்த்தி விட்டுருங்க.

கல் கேஸ்ல மூடறதுக்கு முன்னால யூரித்ராவைக் கதீட்டர் போட்டு வெளியில இருந்தும் உள்ள இருந்தும் கழுவி, மூடினதுக்கு அப்புறம் ஒரு எக்ஸ்ரே எடுக்கணும். ஒரு சின்னக் கல் மிச்சம் இருந்தாலும், ரெண்டு மாசம் கழிச்சு அது பழசா, புதுசா, நூலைச் சுத்தி வந்ததான்னு சொல்லவே முடியாது.

காங்கேயம்_ஆடுமாடு:

கிடா விஷயத்துக்கு வர்றேன். ஒரே பாக்கெட் ஆகுமான்னு கேட்டீங்க. நூல் வகை ஒண்ணே ஆகும், பிடிஎஸ்தான். அளவு மாறும். ஆட்டுக்கு 3-0 அல்லது 2-0, கன்னுக்குட்டிக்கு 2-0, காங்கேயம் காளை, எருமைன்னு போனா 0 இல்லைன்னா அதைவிடத் தடியான 1.

ஆட்டு மூத்திரம் ஆரோக்கியமா இருக்கறப்பவே பி.ஹெச் 7ல இருந்து 8.5 வரைக்கும் இருக்கும். நாமக்கல் தம்பி சொன்ன ஆல்கலைன் பிரச்சினை நமக்கு எல்லா கேஸ்லயும் உண்டு. அதனால ஆட்டுல பிஜிஏ வேண்டாங்கறதுதான் என் கருத்து. கையில அது மட்டும்தான் இருக்குதுன்னா லூமன் பக்கம் போகாம, மேல உள்மடிப்பு வரிசைக்கு மட்டும் வெச்சுக்கலாம்.

வரிசை ஒண்ணா ரெண்டாங்கறதுல ஈரோடு மேடம் நாய்க்குச் சொன்னது சரி. அழற்சியால தடிச்ச நாய் பிளாடரை உள்ள மடிச்சா இருக்கற கொஞ்ச இடமும் போயிரும், ஒத்தை வரிசையே நல்லாத் தாங்கும். அடைச்சு வீங்கின கிடா பிளாடர் அதுக்கு நேர்மாறு. பலூனாட்ட ஊதி, காகிதமா மெலிஞ்சு, இடையிடையே கறுத்திருக்கும். இடம் நிறைய இருக்குது, மடிச்சா ஒண்ணும் குறையாது. முதல் வரிசை சிம்பிள் கன்டினியூவஸ், அது மேல குஷிங், ஓரத்தை உள்ள மடிக்கற தையல். குஷிங்தான், கானல் இல்லை. கானல்ல ஒவ்வொரு குத்தும் லூமனுக்குள்ள போய் வரும்.

கிழிஞ்ச பிளாடர்னா கறுத்த ஓரத்தை ரத்தம் கசியற வரைக்கும் வெட்டி எடுத்துட்டுத்தான் தைக்கணும். செத்த திசுவுல எந்த நூலும் நிக்காது. இதுல மனசு இரக்கப்பட்டு கால் இன்ச் விட்டு வெச்சா அஞ்சாம் நாள் மறுபடியும் வயிறு ஊதும்.

மரத்துப்போக வைக்க: லிக்னோகெய்ன் ஆட்டுக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. 20 கிலோ கிடாய்க்கு 2 சதவீத மருந்து 5 எம்.எல்.தான். பத்தலைன்னா சலைன் சேத்து 1 சதவீதமாக்கி 10 எம்.எல்.லாப் பரப்புங்க.

பிளாடரைத் தைச்சுட்டு அப்படியே மூடிராதீங்க. அடைப்பு யூரித்ராவுல இருக்குது, அது திறக்கற வரைக்கும் தையல் மேல அழுத்தம் ஏறிக்கிட்டே இருக்கும். கீறலை விட்டுத் தள்ளி ஒரு ஃபோலி கதீட்டர் (நுனியில பலூன் இருக்கற குழாய்), 12 முதல் 16 பிரெஞ்ச் அளவு, சுத்தி பர்ஸ்-ஸ்ட்ரிங் (சுருக்குப்பைத் தையல்) போட்டு வயித்துப் பக்கவாட்டு வழியா வெளியே எடுத்துருங்க. ஆண்குறி நுனியில இருக்கற புழு மாதிரி நீட்டத்தை வெட்டிப் பாக்கறது முதல் வேலை. நிறைய கிடாய்ல கல் அங்கேயே நிக்கும்.

தாராபுரம்_வெட்:

அண்ணா, ஃபோலியை எப்ப எடுக்கறதுங்க? வீட்டுக்கு அனுப்பிச்சா கிடா கடிச்சு இழுத்துருது. பலூன் சலைன்ல ஊதறதா, தண்ணியிலயா?

காங்கேயம்_ஆடுமாடு:

ஸ்டெரைல் தண்ணியில ஊதுங்க. சலைன்ல உப்புப் படிஞ்சு வால்வு அடைச்சுக்கும், எடுக்கற அன்னிக்குப் பலூன் இறங்காது. குழாயைத் தோல்ல ரெண்டு இடத்துல தைச்சு, வயித்தைச் சுத்தித் துணிக்கட்டு போட்டு அதுக்குள்ள மடக்கிருங்க. நுனி மட்டும் கீழ தெரிஞ்சாப் போதும்.

மூணு நாலு நாள் குழாய் திறந்தே இருக்கட்டும். அப்புறம் சில மணி நேரம் கிளிப் போட்டுப் பக்கத்துலயே இருந்து பாருங்க. வழக்கமான வழியில மூத்திரம் பீச்சி அடிச்சா நல்லது. முக்கினாலோ, வாலை ஆட்டிக்கிட்டு நின்னாலோ உடனே கிளிப்பை எடுத்துட்டு ரெண்டு நாள் கழிச்சு மறுபடி. முழுநாளும் கிளிப்போட தாராளமாப் போக ஆரம்பிச்சாலும் 10 நாளுக்கு முன்னால குழாயை உருவ வேண்டாம். குழாயைச் சுத்தித் திசு ஒட்டிக்கணும், இல்லைன்னா உருவின ஓட்டை வழியா வயித்துக்குள்ள ஒழுகும்.

நடுவுல தீனி எடுக்காம, வயிறு தளும்புச்சுன்னா ஊசி போட்டுத் திரவம் எடுத்து கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேத்தற கழிவு) பாருங்க. ரத்தத்துல இருக்கறதைப் போல ரெண்டு மடங்கு இருந்தா அது மூத்திரம்தான், தையல் விட்டுருக்குது. ஆட்டுல பொட்டாசியம் ஏறலையேன்னு நிம்மதி ஆகிராதீங்க. அசைபோடற பிராணி உமிழ்நீர் வழியா அதைத் தள்ளிரும், நாயாட்ட ஏறாது.

அனுப்பறப்போ தீனியையும் எழுதிக் குடுங்க. தவிட்டுல பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் ரொம்பக் கம்மி. தீனியில கால்சியமும் பாஸ்பரஸும் 2:1 வர்ற மாதிரி சுண்ணாம்புத் தூள் சேக்கணும். தவிட்டைப் பாதிக்கு மேல குறைச்சு, வேலிமசால், கொழுக்கட்டைப்புல்லுன்னு தழையும் புல்லும் கூட்டணும், தண்ணி நாள் பூரா நிக்கணும். அம்மோனியம் குளோரைடு கிலோவுக்கு 200 மில்லிகிராம் தினமும், ஆனா கிடா தேறித் தீனி எடுத்து, கிரியாட்டினின் இறங்கினதுக்கு அப்புறம்தான். அடைப்புல வந்த அன்னிக்கே குடுத்தா, அசிடோசிஸ் (ரத்தத்துல அமிலம் ஏறறது) இருக்கற ஆடா இருந்தா இன்னும் கீழ தள்ளிரும்.